துலாக்கொடியும் வெள்ளைக் கூம்பும்

கிணற்றடித் துலாக்கொடிக்கும் யப்பானிலே செய்யப்பட்ட ஓர் ஒலிபெருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வாழ்க்கையில் ஒரு சம்பந்தம் உண்டு. இருபத்திரண்டு வருடங்களாக எனக்கு விளங்காமலிருந்த ஒரு பிழையை, ஒரு பிற்பகலில், இரண்டு நிமிடத்தில் எனக்கு விளக்கிக் காட்டியது அந்த ஒலிபெருக்கிதான்.

1981 ஆம் ஆண்டு. கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் எழுதிய மெல்லிசைப் பாடல் ஒன்று பதிவாகியது. நான்கு தடங்கள் கொண்ட நாடா இயந்திரம். ஒரு தடத்திலே பாடகியின் குரல், ஒன்றிலே தபேலா, ஒன்றிலே வயலினும் புல்லாங்குழலும், மற்றதிலே கிற்றார். கலைஞர்கள் எல்லோரும் வீடு சென்ற பின்னர் இசையமைப்பாளரும் நானும் ஒலிப்பதிவாளரும் எஞ்சியிருந்தோம். நான்கு தடங்களையும் இன்ன அளவில் இன்னது என்று கூட்டியும் குறைத்தும் ஒன்றாக்க வேண்டும். இதனையே ஒலிக்கலவை என்கிறோம். பாட்டின் தலைவிதி எழுதப்படும் நேரம் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சுவரிலே அலுமாரி அளவில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. அவற்றை நன்றாக உயர்த்தி வைத்துக் கேட்டோம். தபேலாவின் இடந்தலை நெஞ்சிலே வந்து மோதியது. பாடகியின் குரல் கூடம் முழுவதும் நிறைந்து நின்றது. எனக்குக் கண் கலங்கியது. ஒலிப்பதிவாளர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். பழைய ட்ரான்சிஸ்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சிறிய ஒலிபெருக்கியைப் பலகைப் பெட்டியொன்றில் பொருத்தி மேசைமேல் வைத்திருந்தார். "ஒருக்கால் இதிலயும் கேட்டுப் பார்ப்பமே, ஐயா?" என்றார். இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி இருக்கத் தகரடப்பாவிலே கேட்பானேன் என்று சொல்லிச் சிரித்தவன் நான்தான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இரண்டு வாரத்தின்பின் பாட்டு ஒலிபரப்பாகிய அன்று வடமராட்சியில் எங்கள் வீட்டில் இருந்தேன். விறாந்தைச் சுவரில் மாட்டியிருந்த ட்ரான்சிஸ்டருக்குப் புதிய பற்றறிகள் போட்டு, அயலவர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தார் அம்மா. பாட்டு முடிந்தது. "மேளமும் வயலினும் நல்லாயிருக்குது. ஆனா அந்தப் பிள்ளை என்ன சொல்லிப் பாடுறா எண்டுதான் விளங்கேல்லை, தம்பி" என்றார்.

அந்தப் பாட்டின் அனுபல்லவியிலே 'துலாக்கொடி' என்ற சொல் வருகிறது. அம்மாவின் தகப்பனார் தோட்டத்துக் கிணற்றிலே துலா மிதித்தவர். அம்மாவுக்காகவென்றே அந்தச் சொல்லை அங்கே வைத்தேன். அதனை அவருக்கு நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாட்டிலே கேட்டு அவர் திரும்பி என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. பின்னரும் நான் சொல்லவில்லை. 1986 இல் அம்மா காலமானார். ட்ரான்சிஸ்டர் மட்டம், மத்திய அலையிலே இரைச்சல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இசைப் பதிவுக் கூடத்திலே ஒலிபெருக்கியைத் தெரிவு செய்வது எப்படி என்ற கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பிற்காலத்தில்தான் படித்தறிந்தேன். உண்மையில் அது, கலவை செய்பவர் எவருடைய காதாலே கேட்கிறார் என்ற கேள்வியின் வரலாறு.

1940களில் அமெரிக்காவிலே அல்டெக் லான்சிங் நிறுவனம் 604 என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டது. பதினைந்து அங்குலக் கூம்பு. அதன் நடுவே உயர்ந்த ஒலிகளுக்கென ஒரு கொம்பு. இங்கிலாந்திலே 1947 இல் டனோய் நிறுவனம் இதே கருத்தைத் தன் வழியிலே செய்தது. பல வருடங்களுக்கு மேலைநாட்டுக் கூடங்களிலே ஆட்சி செலுத்தியவை இவைபோன்ற பெரும் பெட்டிகளே. 1970களில் இவற்றைச் சுவருக்குள்ளேயே புதைத்துக் கட்டினார்கள். கட்டடக்கலை, கணிதம், பெரும் பணம் எல்லாம் அதிலே சேர்ந்தன. குறை சொல்ல முடியாத சாதனங்கள். நாடாவிலே ஒரு மின்னிரைச்சல் ஏறியிருந்தால், பாடகர் மூச்சு வாங்கியது தப்பிப் பதிவாகியிருந்தால், அவற்றிலே உடனே தெரியும். ஆனால் அவற்றிலே எந்தப் பாட்டும் பெரிய பாட்டாகத் தோன்றும். கூடத்துக்கு வாடகை கொடுப்பவர்களுக்கு அது பிடித்திருந்ததிலே வியப்பில்லை.

இதனை முதலிலே சந்தேகித்தவர்களுள் டெட்ரோயிட் நகரத்தவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1959 இல் பெரி கோர்டி தொடங்கிய மோட்டவுன் நிறுவனம் ஒரு சாதாரண வீட்டிலே இயங்கியது. டெட்ரோயிட் மோட்டார்க் கார் நகரம். இளைஞர்கள் பாட்டுக் கேட்டது கார் வானொலியிலே. ஆகவே கார் வானொலியின் ஒலிபெருக்கியைப் போன்ற சிறியதொன்றிலும் தங்கள் கலவைகளைக் கேட்டுப் பார்த்தே வெளியே விட்டார்கள். வாராந்தம் கூடி எந்தப் பாட்டை வெளியிடுவது என்று தீர்மானிப்பார்கள். பசியோடு இருக்கிறாய், கையிலே கடைசிக் காசு. இந்த இசைத்தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா என்று கோர்டி கேட்பாராம். பசித்தவனின் காதுதான் அவருக்கு அளவுகோல்.

லண்டனிலே பி.பி.சி. வேறொரு வழியிலே போனது. வானொலி என்பதால் அவர்களுக்கு இசையைவிடப் பேச்சு முக்கியம். ஆய்வுப் பிரிவுப் பொறியியலாளர்கள் ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்குத் தமக்குப் பழக்கமான ஒருவரைக் கலையகத்திலே பேச விடுவார்கள். ஒலிபெருக்கியிலே அக்குரலைக் கேட்பார்கள். பிறகு நேரே போய் அதே குரலைக் கேட்பார்கள். இரண்டும் ஒன்றாயிருக்கிறதா? கருவிகளின் அளவீடுகள் எவ்வளவு சொன்னாலும் இறுதித் தீர்ப்பு மனிதக் குரலுடையது. 1970களின் முற்பகுதியிலே வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்காக அவர்கள் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற பெட்டி ஓரடி உயரந்தான். வாகனத்துக்குள் பெரியதை வைக்க இடமில்லை என்பதால் பிறந்தது அது. இன்றும் அதனைத் தேடி வாங்குவோர் உள்ளனர். இப்பேச்சை வானொலியிற் கேட்போருக்கும் பத்திரிகையிற் படிப்போருக்கும் ஒன்று சொல்வேன்: ஒரு குரல் அந்தக் குரலாகவே கேட்பது என்பது இலேசான காரியமல்ல.

அமெரிக்கக் கூடங்களிலே 1970களிலே இன்னுமொரு பெட்டி வந்து அமர்ந்தது. ஜாக் வில்சன் என்பவரின் ஓராடோன் நிறுவனம் செய்த சிறிய கனசதுரம்; பக்கம் ஆறரை அங்குலம்; உள்ளே ஒரேயொரு கூம்பு. அடித்தொனியும் இல்லை, உச்சத்தொனியும் இல்லை. 'ஹொரர்டோன்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். ஆனால் வேலை முடியுமுன் எல்லோரும் அதனை நாடினார்கள். 1982 இல் வெளியாகிய மைக்கல் ஜக்சனின் 'த்ரில்லர்' இசைத்தட்டைக் கலவை செய்த புரூஸ் சுவீடியனும் இச்சிறு பெட்டியைப் பெரிதும் நம்பியவர். இவ்வகைப் பெட்டியிலே ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேட்பதும் ஒரு வழக்கம். இடம் வலம் என்ற பிரிவு போய்விடும்போது ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. எது எதனை மறைக்கிறது என்பது அப்போது வெளிச்சமாகிறது.

கொழும்பிலே அந்தப் பெரியவர் பலகைப் பெட்டியிலே தாமாகச் செய்து வைத்திருந்ததும் இதுதான். ஓராடோனைப் பற்றி அவர் அறிந்திருந்தாரோ என்னவோ, தம் நேயர் எதிலே கேட்பார் என்பதை அறிந்திருந்தார்.

இனி யப்பானுக்கு வருவோம். யமஹா என்றால் எங்கள் தெருக்களிலே மோட்டார் சைக்கிள். ஆனால் அந்நிறுவனத்தின் தொடக்கம் 1887 இல், ஹமமற்சு நகரிலே பாடசாலையொன்றின் ஓகன் வாத்தியத்தைத் தொரக்குசு யமஹா பழுதுபார்த்ததிலே இருக்கிறது. அதன் சின்னத்தைக் கூர்ந்து பார்த்தால் மூன்று இசைக்கவைகள் குறுக்கிட்டிருப்பது தெரியும். 1978 இல் இந்நிறுவனம் என்.எஸ். 10 என்ற ஒலிபெருக்கியை வீட்டுப் பாவனைக்கென வெளியிட்டது. வடிவமைத்தவர் அகிரா நகமுரா. கறுப்புப் பெட்டி, கொள்ளளவு பத்து லீற்றருக்குச் சற்று மேல், நிறை ஆறு கிலோ. அதன் ஏழு அங்குலக் கூம்பு வெள்ளை நிறம். பொதுவாகக் கடதாசிக் கூம்புகளைக் கூழிலிருந்து அச்சிலே அழுத்திச் செய்வர். இதனைத் தட்டையான தாளாகச் செய்து, சுற்றி, விளிம்பை ஒட்டினார்கள். கடலை சுற்றித் தரும் கடதாசிச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள், பிழையில்லை. ஒட்டிய தையல் கண்ணுக்குத் தெரியும்.

வீடுகளிலே இது பெரிதாக எடுபடவில்லை. இனிமை இல்லை, அடித்தொனி போதாது, உச்சம் காதைக் குத்துகிறது என்றார்கள். வீட்டிலே தோற்ற பெட்டி கூடத்திலே எப்படி வென்றது?

அதற்குக் காரணம் தொழில்முறையிலே ஏற்பட்ட மாற்றமாகும். முன்னாளிலே ஒலிப்பதிவாளர் ஒரு கூடத்தின் மாதச் சம்பள ஊழியர். அந்த அறையின் குணம், அந்தச் சுவர் ஒலிபெருக்கியின் பொய் எல்லாம் அவருக்கு அத்துபடி. 1970களின் பின் பெயர்பெற்ற ஒலிப்பதிவாளர்கள் தனித்தொழில் செய்பவர்களானார்கள். இன்று நியூயோர்க், நாளை லண்டன். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் அறை, ஒவ்வொரு பொய். கையோடு கொண்டு போகக்கூடிய ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. கலவை மேசையின் முகட்டிலே, காதிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திலே சிறிய பெட்டியை வைத்தால், சுவரிலே பட்டுத் திரும்பும் ஒலியைவிட நேரே வரும் ஒலி மேலோங்கும்; அறையின் குறை பெருமளவு விலகி நிற்கும். நியூயோர்க்கிலே 'பவர் ஸ்டேஷன்' கூடத்திலே பெயரெடுத்த பொப் கிளியர்மவுண்டன் இந்த வெள்ளைக் கூம்புகளைத் தம்முடைய அளவுகோலாக வரித்துக்கொண்டார். 1983 இல் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்', 1984 இல் புரூஸ் ஸ்பிறிங்ஸ்டீனின் 'போர்ன் இன் த யு.எஸ்.ஏ.' என்று அவருடைய கலவைகள் உலகெங்கும் ஒலித்தபோது, அவர் வைத்திருப்பது எமக்கும் வேண்டும் என்று எல்லோரும் கேட்டதிலே புதுமையில்லை.

இங்கே ஒரு வேடிக்கையான அத்தியாயம். உச்சத்தொனி குத்துகிறதென்று கிளியர்மவுண்டன் அதன் சிறிய கூம்பின் முன்னே மெல்லிய டிஷ்யூக் கடதாசியைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான், ஊரெல்லாம் கடதாசி தொங்கியது. எந்தக் கடதாசி, ஒற்றைத் தாளா இரட்டைத் தாளா என்றெல்லாம் வாதங்கள். 1986 இல் பொப் ஹோடாஸ் என்ற பொறியியலாளர் பலவகைக் கழிவறைக் கடதாசிகளை வாங்கிக் கருவியால் அளந்து கட்டுரையே எழுதினார். கடதாசி ஒலியைச் சீராக மென்மையாக்கவில்லை, பட்டுத் திரும்பும் ஒலி சில சுருதிகளைக் கெடுத்தது என்று கண்டார். அடுத்த வருடம் யமஹா, உச்சத்தைக் குறைத்து, கூடத்துக்கென்றே 'ஸ்டூடியோ' என்ற பெயரோடு திருத்திய மாதிரியை வெளியிட்டது. ஒரு பெரிய நிறுவனத்தைக் கழிவறைக் கடதாசி வழிக்குக் கொண்டுவந்த சரித்திரம் வேறெங்கும் உண்டோ அறியேன்.

இந்த ஒலிபெருக்கி மட்டமானது, மட்டமானதிலே நன்றாகக் கேட்டால் எதிலும் நன்றாகக் கேட்கும், அதனால்தான் அதனைப் பாவிக்கிறார்கள் என்று பலர் சொல்வர். நானும் வெகுகாலம் அப்படியே எண்ணினேன். அது ஓராடோனுக்குப் பொருந்தலாம். வெள்ளைக் கூம்பின் கதை வேறு. 2001 இல் பிலிப் நியூவெல், கீத் ஹொலண்ட், ஜூலியஸ் நியூவெல் ஆகிய மூவர், இருபது வருடமாக இது ஏன் அளவுகோலாய் நிற்கிறது என்று கேட்டு, சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வசதிகளோடு அளந்தனர். சுருதிக்குச் சுருதி பார்த்தால் சமனில்லைதான். நடுத்தொனி மேடு, அடித்தொனி பள்ளம். ஆனால் காலத்தை அது பிழைக்கவில்லை. ஒலி தொடங்கும்போது தொடங்கி, நிற்கும்போது நின்றது. பல பெட்டிகளிலே அடித்தொனியைக் கூட்டுவதற்காக ஒரு துளை வைப்பார்கள். துளை கொண்ட பெட்டி, தபேலா அடி நின்ற பின்னரும் சற்று நேரம் முனகிக்கொண்டிருக்கும். இது மூடிய பெட்டி. முனகலில்லை.

அத்தோடு அந்த நடுத்தொனி மேடு. மனிதக் காது மிகக் கூர்மையாயிருப்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலே. உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் மேலே இருக்கிறது. வல்லினம் தெளிவில்லையென்றால் சொல் இல்லை. அந்தப் பகுதியையும் அதை அண்டிய பகுதியையும் தூக்கிக் காட்டும் பெட்டியிலே குரலும் வாத்தியமும் மோதிக்கொண்டால் மறைக்க முடியாது.

அதே 2001 இலே இதன் உற்பத்தி நின்றது. கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் இனிக் கிடைக்காது என்பதே யமஹா சொன்ன காரணம். 2008 இல் அமெரிக்காவின் கிராமி அமைப்பு யமஹாவுக்குத் தொழினுட்ப விருது அளித்தது.

2003 இல் ரொறன்ரோவிலே என் தமக்கையின் மகனிடம் போயிருந்தேன். வீட்டின் நிலக்கீழ் அறையிலே சிறிய கலவைக் கூடம் வைத்திருந்தார் மருமகன். மேசைமேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள், வெள்ளைக் கூம்புகள் பழுப்பேறியிருந்தன. பழைய சாமான், இருவரிடம் கைமாறி வந்தது என்றார். என் பெட்டியிலே ஒலிநாடா ஒன்று இருந்தது. 1981 இலே அன்றிரவே அந்தப் பெரியவர் எனக்கெனப் பிரதி பண்ணித் தந்தது. போட்டுக் காட்டச் சொன்னேன்.

ஒலியை மிகத் தாழ்த்தி வைத்தார். நான் கூட்டச் சொன்னேன். "வேண்டாம் மாமா, சத்தமா வச்சா எல்லாம் நல்லாத்தான் கேட்கும்" என்றார். 1933 இலே பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் கண்டது அது. ஒலி தாழும்போது காது அடித்தொனியை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஒலி உயரும்போது அடித்தொனி நிறைந்து கேட்கிறது. அன்றிரவு பெரிய ஒலிபெருக்கியிலே எங்களை நிறைத்தது பாடகியின் குரலின் அடிப்பாகம். அதை நம்பிக் குரலின் அளவை வைத்தோம். அம்மாவின் ட்ரான்சிஸ்டரின் உள்ளங்கையளவு கூம்பு அந்த அடிப்பாகத்தைத் தரவே இயலாதது. மிஞ்சியது மெய்யெழுத்துகளின் கூர்மை. அதன்மேலே தபேலாவின் வலந்தலை அடிகள். சொல் எனக்கு மட்டும் கேட்டது. எழுதியவன் நான், கேளாததையும் மனம் நிரப்பிவிடும்.

பாட்டு அனுபல்லவிக்கு வந்தது. தாழ்ந்த ஒலியிலே வெள்ளைக் கூம்பு வயலினை வயலினாகத் தந்தது, தபேலாவை அடி அடியாகப் பிரித்துத் தந்தது. அந்த இடத்திலே, மூன்று அடிகளுக்குக் கீழே, ஒரு சொல் அமிழ்ந்து போயிற்று. மருமகன் நாடாவை நிறுத்திப் பின்னே சுற்றினார். மறுபடி கேட்டார்.

"இந்த இடத்தில என்ன சொல்லு மாமா வருது?"

"துலாக்கொடி."

மீண்டும் சுற்றினார். சொல்லைத் தெரிந்துகொண்ட பின் அவருக்கும் கேட்டது. "இப்ப கேட்குது" என்றார். குரலை மட்டும் கொஞ்சம் தூக்க முடியுமா என்று கேட்டேன். தடங்கள் தனித்தனியே இருந்த நாடா கொழும்பிலேயே வேறொரு பதிவுக்குப் பயன்பட்டுப் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன். தலையை ஆட்டினார். "கலந்தாச்சு மாமா, இனிப் பிரிக்க ஏலாது." பிறகு சற்று யோசித்து, "துலாக்கொடி எண்டால் என்ன?" என்றார். மூன்று வயதிலே ஊரை விட்டு வந்தவர்.

மேசைமேலிருந்த தாளொன்றைப் புரட்டி ஆடுகாலையும் துலாவையும் வரைந்தேன். துலாவின் நுனியிலிருந்து கொடி கிணற்றுக்குள் இறங்குவதை வரைந்தேன். கொடியின் முனையிலே பட்டை. மேலே நடப்பவரை எப்படி வரைவதென்று தெரியவில்லை. ஒரு கோடு போட்டு, "இது உன்ரை அம்மம்மாவின்ரை ஐயா" என்றேன்.